சண்டை போட்டவர்கள் சேர்ந்து பாடினார்கள்!

1980-ம் ஆண்டு ஜூலை மாதம் 31-ந் தேதி. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், லாங் பீச் என்ற நகரம்.

அங்கே ஒரு பெரிய பாட்டுக் கச்சேரி நடந்தது. ஒரு செனட்டரின் தேர்தல் நிதிக்காக நடந்த கச்சேரி அது.

மேடையில் 5 பேர். கையில் கிட்டார். குரலில் தேன். பாட்டெல்லாம் காதலும் கனிவும். கூட்டம் மெய்ம்மறந்து கேட்டது.

ஆனால், மேடையில் நடந்தது வேறு!

அந்த 5 பேரில் 2 பேர், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே பக்கத்தில் வந்து முணுமுணுத்துக் கொண்டார்கள். கூட்டத்துக்கு அது கேட்கவில்லை. என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? இன்னும் எத்தனை பாட்டு பாக்கி என்று எண்ணி, கச்சேரி முடிந்ததும் உதைப்பதாக ஒருவரை ஒருவர் மிரட்டிக் கொண்டார்கள்!

வாயிலே அன்புப் பாட்டு. மனதிலே அடிதடி.

அன்றோடு அந்தக் கோஷ்டி உடைந்தது.

14 ஆண்டுகள் கழித்து அவர்கள் மீண்டும் சேர்ந்தார்கள். வயதான காலத்தில் முன்னைவிடப் பெரிய கூட்டத்தைக் கூட்டினார்கள். "பணத்துக்காகச் சேர்ந்த கிழவர்கள்" என்று சிலர் கேலி செய்தார்கள்.

அந்தக் கேலி சரிதானா? என்னுடைய அபிப்பிராயம் வேறு. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

யார் இவர்கள்?

கோஷ்டியின் பெயர் "ஈகிள்ஸ்". கழுகுகள் என்று அர்த்தம்.

1971-ம் ஆண்டு லாஸ் ஏஞ்செல்ஸ் நகரில் இந்தக் கோஷ்டி பிறந்தது. லிண்டா ரான்ஸ்டாட் என்ற பாடகிக்குப் பின்னால் நின்று வாத்தியம் வாசித்த இளைஞர்கள், தனியாக ஒரு கோஷ்டி அமைக்க நினைத்தார்கள்.

கிளென் பிரை, டிட்ராய்ட் நகரத்துப் பையன். டான் ஹென்லி, டெக்சாஸ் மாநிலத்தில் லிண்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். இவர் டிரம் வாசித்துக்கொண்டே பாடுவார். இவர்களோடு பெர்னி லெடன், ராண்டி மைஸ்னர் ஆகிய இருவரும் சேர்ந்தார்கள். பிறகு டான் பெல்டர், ஜோ வால்ஷ், திமோத்தி ஷ்மிட் ஆகியோர் வந்தார்கள். பிரிவதற்கு முன் இந்தக் கோஷ்டியில் இருந்தவர்கள் மொத்தம் 7 பேர்.

இதில் ஒரு வேடிக்கை. ஹென்லி, பெல்டர், வால்ஷ், ஷ்மிட், லெடன் ஆகிய 5 பேரும் 1947-ல் பிறந்தவர்கள். நம் நாடு சுதந்திரம் அடைந்த ஆண்டு! அவர்களுடைய வயதைக் கணக்குப் போட நமக்குக் கஷ்டமே இல்லை.

மென்மையான பாட்டு

"ராக்" என்றால் காது கிழியும் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லாம் அப்படி அல்ல. சத்தத்தைக் குறைத்து, கிட்டாரை மெல்ல மீட்டி, பல குரல்கள் இழைந்து பாடும் பாட்டும் அதில் உண்டு. அதை "மென் ராக்" என்று சொல்லலாம்.

ஈகிள்ஸ் கோஷ்டியின் பலமே இந்தக் குரல் இழைப்புத்தான். ஒரே வரியை 3 பேர், 4 பேர் சேர்ந்து பாடுவார்கள். ஆனால் எல்லோரும் ஒரே ஸ்தாயியில் பாடமாட்டார்கள். ஒருவர் மேலே. ஒருவர் நடுவே. ஒருவர் கீழே. மூன்றும் சேரும்போது ஒரு புதுக் குரல் பிறக்கும். அது அந்த மூவரில் யாருடைய குரலும் அல்ல!

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்கே அதுதான் ஆணிவேர். ஒருவர் போய்விட்டால் அந்த இடத்தில் ஓட்டை விழும். மற்றவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும், இரண்டு குரலில் பாட முடியாது அல்லவா?

1976-ம் ஆண்டு பிப்ரவரியில், அதுவரை பாடிய நல்ல பாட்டுகளைத் தொகுத்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் "ஹோட்டல் கலிபோர்னியா" வந்தது.

அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் 2018-ம் ஆண்டு ஒரு கணக்கை வெளியிட்டது. அதன்படி, அந்தத் தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 3 கோடியே 80 லட்சம். "ஹோட்டல் கலிபோர்னியா" 2 கோடியே 60 லட்சம். மைக்கேல் ஜாக்சனின் புகழ்பெற்ற "திரில்லர்" கூட அந்தக் கணக்கில் இந்தத் தொகுப்புக்குப் பின்னால் போய்விட்டது.

புகழ் வந்தது. பணம் வந்தது. கூடவே சண்டையும் வந்தது.

ஒவ்வொருவராகப் போனார்கள்

பெர்னி லெடனுக்குக் கிராமியப் பாட்டு பிடிக்கும். மற்றவர்களுக்கு வேகம் வேண்டும். தகராறு முற்றியது. ஒரு நாள் லெடன், பிரையின் தலையில் பீரை ஊற்றிவிட்டார்! 1975-ம் ஆண்டு முடிவில் அவர் விலகினார்.

அடுத்தது ராண்டி மைஸ்னர். அவருக்கு ஒரு பாட்டு உண்டு. அதன் முடிவில் குரல் உச்சத்துக்குப் போகவேண்டும். ரசிகர்கள் தினமும் அதைக் கேட்டார்கள். தினமும் அந்த உச்சத்தைத் தொடுவது மைஸ்னருக்குப் பயமாக இருந்தது. 1977-ல் ஒரு நாள், உடம்பு சரியில்லை, பாடமாட்டேன் என்றார். பிரைக்குக் கோபம். மேடைக்குப் பின்னால் கைகலப்பு. மைஸ்னரும் போய்விட்டார்.

மூன்றாவதுதான் 1980-ல் லாங் பீச்சில் நடந்தது. பிரையும் பெல்டரும் மோதிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒரு இசைத்தட்டு பாக்கி இருந்தது. மேடையில் பாடியதைத் தொகுத்து வெளியிடவேண்டும். குரல்களைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் பிரை லாஸ் ஏஞ்செல்சில் இருந்தார். மற்றவர்கள் மயாமியில் இருந்தார்கள். ஒன்று மேற்குக் கடற்கரை. மற்றொன்று கிழக்குக் கடற்கரை. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க விரும்பவில்லை!

என்ன செய்தார்கள்? இங்கே ஒருவர் பாடுவார். அந்த நாடா பார்சலில் அங்கே போகும். அங்கே இன்னொருவர் பாடுவார். இப்படியே அந்த இசைத்தட்டை முடித்தார்கள்.

குரல்கள் சேர்ந்தன. மனிதர்கள் சேரவில்லை.

தராசும் படிக்கல்லும்

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு நினைவு வந்தது.

என் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார்கள். அப்பா கல்லாவில் உட்காருவார். சித்தப்பா நிறுத்துப் போடுவார். ஊரிலே நல்ல பெயர். பிறகு ஏதோ மனத்தாங்கல். கடை நடுவே ஒரு செங்கல் சுவர் எழும்பியது.

சாமான்களைப் பங்கு போட்டார்கள். தராசு அப்பா பங்கு. படிக்கற்கள் சித்தப்பா பங்கு. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. தராசு இந்தப் பக்கம் சும்மா தொங்கியது. கற்கள் அந்தப் பக்கம் சும்மா கிடந்தன. இரண்டு கடைக்காரர்களும் பணம் கொடுத்துப் புதிதாக வாங்கினார்கள்.

அப்போது நான் சிறுவன். எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை. மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன்.

குதிரைக்குக் கொம்பு முளைத்தது!

"மீண்டும் எப்போது சேர்ந்து பாடுவீர்கள்?" என்று ஹென்லியைப் பலர் கேட்டார்கள். நரகம் பனியாக உறைந்தால் பார்க்கலாம் என்று அவர் சொன்னாராம். நம் ஊரில் "குதிரைக்குக் கொம்பு முளைக்கட்டும், பார்க்கலாம்" என்போமே, அதுபோல!

ஹென்லி தனியாகப் பாடினார். நன்றாகவே பெயர் எடுத்தார். பிரையும் தனியாகப் பாடிப் புகழ் பெற்றார். யாரும் பட்டினி கிடக்கவில்லை.

1993-ல் ஒரு காரியம் நடந்தது. அமெரிக்காவின் கிராமிய இசைப் பாடகர்கள் பலர் சேர்ந்து, ஈகிள்ஸ் பாட்டுகளைத் தாங்கள் பாடி ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். வால்டன் என்ற பழைய காட்டைக் காப்பாற்ற ஹென்லி ஒரு அமைப்பு நடத்திவந்தார். அந்த அமைப்புக்கு இதில் நிதி சேர்ந்தது.

அந்தத் தொகுப்பில் ஒரு பாட்டைப் பாடியவர் டிராவிஸ் டிரிட். அந்தப் பாட்டைப் படம் பிடிக்கும்போது அவர் ஒரு நிபந்தனை போட்டார். பழைய ஈகிள்ஸ் ஆட்கள் 5 பேரும் படத்தில் வரவேண்டும்!

வந்தார்கள். பிரை, ஹென்லி, பெல்டர், வால்ஷ், ஷ்மிட் ஆகிய ஐவரும் ஒரே அறையில் நின்றார்கள். வாத்தியத்தைக் கையில் எடுத்தார்கள். 13 ஆண்டு உறைந்திருந்த பனி உருகத் தொடங்கியது.

1994-ம் ஆண்டு அவர்கள் மீண்டும் மேடை ஏறினார்கள். புதிய இசைத்தட்டுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? "நரகம் உறைந்தது"! தங்கள் வாய்ச்சவடாலைத் தாங்களே கேலி செய்துகொண்டார்கள். தன்னைத் தானே கேலி செய்துகொள்ளத் தெரிந்தவனுக்குப் பாதிச் சண்டை தீர்ந்தது என்று அர்த்தம்.

அந்த இசைத்தட்டு விற்பனையில் முதல் இடத்தைப் பிடித்தது.

"பணத்துக்காகத்தானே?"

இங்கேதான் கேலி தொடங்கியது.

"பிரியத்தால் சேரவில்லை. பணத்துக்காகச் சேர்ந்தார்கள்" என்றார்கள் சிலர்.

பணம் ஒரு காரணம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. 1976-ல் 20 வயதில் அவர்கள் பாட்டைக் கேட்ட மாணவனுக்கு, 1994-ல் 38 வயது. உத்தியோகம் இருக்கிறது. சம்பளம் இருக்கிறது. பிள்ளை குட்டிகளை அழைத்துக்கொண்டு கச்சேரிக்கு வரத் தயாராக இருக்கிறான். இந்தக் கணக்கு கோஷ்டிக்கும் தெரியும்.

ஆனால் நான் கேட்கிறேன். பணத்துக்காகச் சேர்வது அவ்வளவு கேவலமா?

கொத்தனாரும் சித்தாளும் பிரியத்தாலா சேருகிறார்கள்? கூலிக்காகத்தான் சேருகிறார்கள். ஆனால் சுவர் நேராக எழும்புகிறது. தறி போடுகிறவரும் பாவு ஓட்டுகிறவரும் கூலிக்காகத்தான் சேருகிறார்கள். சேலை அழகாக இருக்கிறது. வேலை நன்றாக இருந்தால், மனதில் என்ன இருந்தது என்று யார் கேட்கிறார்கள்?

முதலில் மனம் சேரட்டும், பிறகு வேலைக்குச் சேரலாம் என்று காத்திருந்தால் பல பேர் சேரவே மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்தால், மனம் பின்னால் வந்தாலும் வரும். வராவிட்டாலும் வேலையாவது மிச்சம்.

குடியை விட்டவர்

இன்னொரு விஷயத்தைக் கேலி செய்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஜோ வால்ஷ் அபாரமான கிட்டார் வித்வான். ஆனால் அவர் குடிக்கு அடிமை. போதை மருந்தும் உண்டு. பல ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

மீண்டும் சேரலாம் என்ற பேச்சு வந்தபோது, பிரையும் ஹென்லியும் அவரிடம் போனார்கள். நீ குடியை விட்டால்தான் கோஷ்டி சேர முடியும் என்று சொன்னார்கள். இதை வால்ஷே பின்னால் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

வால்ஷ் சிகிச்சைக்குப் போனார். குடியை விட்டார். திரும்ப அந்தப் பக்கம் போகாமல் பல ஆண்டுகளைக் கடந்தார். குடியிலிருந்து மீள விரும்புகிறவர்களுக்கு உதவியாகப் பேசியும் வருகிறார்.

யோசித்துப் பாருங்கள். "குடிக்காதே" என்று வெறும் புத்திமதி சொன்னால் எத்தனை பேர் விடுவார்கள்? "வா, உனக்கு இங்கே ஒரு இடம் காத்திருக்கிறது, உன் கிட்டார் இல்லாமல் எங்களால் முடியாது" என்று கூப்பிட்டார்கள். அவர் விட்டார். புத்திமதி செய்யாததை ஒரு வேலை செய்தது.

பழைய கோஷ்டி மீண்டும் சேர்ந்ததால் ஒரு மனிதர் பிழைத்தார். இது ஒன்றுக்காகவே அந்தச் சேர்க்கையை நான் பாராட்டுவேன்.

கிழவர்கள் பாடலாமா?

"வயதாகிவிட்டது, ஒதுங்க வேண்டியதுதானே?" என்பது அடுத்த கேலி.

2007-ம் ஆண்டு அவர்கள் புது இசைத்தட்டு வெளியிட்டார்கள். 28 ஆண்டுகளுக்குப் பின் முழுசாகப் புதுப் பாட்டுகள்! 2 தட்டுகள், 20 பாட்டுகள். அப்போது அவர்களுக்குச் சுமார் 60 வயது.

அமெரிக்காவில் அதை ஒரே ஒரு நிறுவனத்தின் கடைகளில்தான் முதலில் விற்றார்கள். அது வால்மார்ட். ஒரே கடையில் விற்கும் தட்டை விற்பனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று "பில்போர்டு" பத்திரிகையில் ஒரு விதி இருந்தது. முதல் வாரத்தில் 7 லட்சத்துக்கு மேல் விற்றது. பத்திரிகை விதியையே மாற்றிவிட்டது! தட்டு முதல் இடம் பிடித்தது. அதில் உள்ள ஒரு பாட்டுக்கு 2008-லும், மற்றொன்றுக்கு 2009-லும் கிராமி பரிசு கிடைத்தது.

60 வயதில் இது நடந்தது. ஒதுங்கியிருந்தால் நடந்திருக்குமா?

நம் வீடுகளிலும் இந்தப் பேச்சு இருக்கிறது. 60 வயது ஆனவரைப் பார்த்து, "உங்களுக்கு எதற்கு இந்த வேலை, பேசாமல் உட்காருங்கள்" என்கிறோம். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் தெரிந்த தொழிலை விட்டு மனிதன் உட்கார்ந்தால், உடம்பைவிட மனம்தான் முதலில் படுத்துக்கொள்கிறது. முடிந்தவரை செய்யட்டும். கேட்க ஆள் இருந்தால் பாடட்டும்.

குறையும் உண்டு

நான் அவர்களுக்கு வக்கீல் அல்ல. குறையையும் சொல்லவேண்டும்.

முதல் குறை, டிக்கெட் விலை. 1994-ல் அவர்கள் கச்சேரிக்கு டிக்கெட் 100 டாலரைத் தாண்டியது. அந்தக் காலத்தில் அது அதிர்ச்சி தரும் விலை. மற்றக் கோஷ்டிகளும் அந்த வழியில் போனார்கள். ஒரு காலத்தில் கையில் காசில்லாத மாணவன் கேட்டு வளர்த்த பாட்டு அது. அவனால் எட்ட முடியாத இடத்தில் அதைத் தூக்கி வைத்தது நியாயம் அல்ல.

இரண்டாவது குறை பெரியது. அது பங்கு விஷயம்.

பழைய காலத்தில் கோஷ்டியில் எல்லோருக்கும் சம பங்கு. 1994-ல் சேர்ந்தபோது, தங்களுக்கு அதிகப் பங்கு வேண்டும் என்று பிரையும் ஹென்லியும் கேட்டார்கள். பிரிந்திருந்த காலத்தில் கோஷ்டியின் பெயரைத் தூக்கி நிறுத்தியது எங்கள் தனிப்பாட்டுகள்தான் என்பது பிரை சொன்ன காரணம்.

பெல்டர் இதை மனதார ஏற்கவில்லை. கணக்குக் கேட்டார். மனக்கசப்பு வளர்ந்தது. 2001-ல் அவரைக் கோஷ்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். 2007-ல்தான் வழக்கு வெளியே பேசி முடிக்கப்பட்டது.

"ஹோட்டல் கலிபோர்னியா" பாட்டின் இசைக்கு முதல் விதை போட்டவர் இந்தப் பெல்டர்தான்! அந்தப் பாட்டைக் கோஷ்டி ஊர் ஊராகப் பாடியது. அவர் அந்த மேடையில் இல்லை.

பங்கு கேட்டது சரியா, நீக்கியது சரியா என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்ல. ஆனால் ஒன்று தெரிகிறது. கூட்டுத் தொழிலில் கணக்கு கண்ணாடி மாதிரி இருக்கவேண்டும். பங்கை முதல் நாளே எல்லோரும் மனதார ஒத்துக்கொள்ள வேண்டும். மனதில் முள்ளோடு போட்ட கையெழுத்து, 7 ஆண்டு கழித்தாவது குத்தும்.

ஒரு வேளைச் சாப்பாடு

7 பேரும் ஒரு தடவை ஒன்றாக நின்றார்கள். 1998-ம் ஆண்டு ஜனவரியில், நியூயார்க் நகரில் அவர்களுக்கு ஒரு பெரிய கௌரவம் தரப்பட்டது. லெடன் வந்தார். மைஸ்னர் வந்தார். பெல்டரும் அப்போது கோஷ்டியில் இருந்தார். 7 பேரும் சேர்ந்து பாடினார்கள். அதற்குப் பிறகு அப்படி ஒரு மேடை அமையவில்லை.

2013-ல் கோஷ்டியின் வரலாற்றைச் சொல்லும் கச்சேரிகள் தொடங்கின. அதில் வந்து வாசித்தவர் யார்? பெர்னி லெடன்! 1975-ல் தலையில் பீரை ஊற்றியவரும், தலையைக் காட்டியவரும் 38 ஆண்டுக்குப் பின் ஒரே மேடையில் உட்கார்ந்து வாசித்தார்கள். பார்க்கக் கண் கோடி வேண்டும்.

2016-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி கிளென் பிரை காலமானார். வயது 67.

செய்தி கேட்டுப் பெல்டர் மிகவும் துக்கப்பட்டார். என்றாவது ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டு, பழங்கதை பேசி, கை குலுக்கி எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று நினைத்திருந்ததாக அவர் சொன்னார்.

அந்தச் சாப்பாடு நடக்கவே இல்லை.

என் அப்பா கதையை மிச்சம் வைத்தேன் அல்லவா? சித்தப்பா ஒரு மார்கழி மாதம் இறந்துபோனார். அப்பா துக்க வீட்டுக்கு வந்தார். உள்ளே போகவில்லை. தெருமுனையில், மின்கம்பத்தடியில் நின்றார். நான் போய்க் கையைப் பிடித்தேன். "இந்தப் பொங்கலுக்குக் கூப்பிடலாம் என்று இருந்தேனடா" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

பல பொங்கல் போய்விட்டது. இந்தப் பொங்கலுக்குத்தான் கூப்பிட நினைத்தாராம்!

மகன் வந்தான்

பிரை இறந்ததும் கோஷ்டி முடிந்துவிட்டது என்றுதான் ஹென்லியும் நினைத்தார்.

ஆனால் 2017-ம் ஆண்டு ஜூலையில், லாஸ் ஏஞ்செல்ஸ் நகரில் ஒரு பெரிய விளையாட்டு மைதானத்தில் ஈகிள்ஸ் மீண்டும் பாடியது. பிரை நின்ற இடத்தில் இருவர் நின்றார்கள். ஒருவர், வின்ஸ் கில் என்ற புகழ்பெற்ற கிராமிய இசைப் பாடகர். மற்றொருவர் டீக்கன் பிரை. கிளென் பிரையின் மகன்! வயது 24.

தகப்பன் பாடிய பாட்டை மகன் பாடினான். பக்கத்தில் தகப்பனின் நண்பர்கள் நின்று குரல் கொடுத்தார்கள். அந்தக் குரல் இழைப்பில் விழுந்த ஓட்டையை மகன் வந்து அடைத்தான்.

2023-ம் ஆண்டு ஜூலையில் மைஸ்னரும் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் "நீண்ட விடைபெறுதல்" என்ற பெயரில் கடைசிச் சுற்றுப் பயணம் தொடங்கியது. 2024-ம் ஆண்டு செப்டம்பரில், லாஸ் வேகாஸ் நகரில் "ஸ்பியர்" என்ற உருண்டை வடிவ அரங்கில் தொடர் கச்சேரி ஆரம்பமானது. அப்போது ஹென்லிக்கு வயது 77. வால்ஷுக்கும் ஷ்மிட்டுக்கும் 76.

கூட்டத்தில் யார் இருந்தார்கள்? தாத்தா, பாட்டி. அவர்கள் பிள்ளைகள். பேரப்பிள்ளைகள். ஒரு வீட்டில் 3 தலைமுறைக்கும் பிடித்த பாட்டு என்றால் அது சும்மா வருமா?

என் முடிவு

கேலி செய்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்.

அவர்கள் உத்தமர்கள் அல்ல. பணத்தில் கண் இருந்தது. ஒரு நண்பரை வெளியே நிறுத்திவிட்டார்கள். அந்தக் குறை கடைசி வரை தீரவில்லை. ஆனால் சேர்ந்தார்கள். சேர்ந்ததால் ஒருவர் குடியை விட்டார். சேர்ந்ததால் புதிய பாட்டுகள் பிறந்தன. சேர்ந்ததால் ஒரு மகனுக்குத் தகப்பனின் இடம் கிடைத்தது. சேராமல் இருந்திருந்தால், வீராப்பு மட்டும்தான் மிச்சம்.

உங்கள் வீட்டிலும் யாராவது இருக்கலாம். அண்ணனோ, தங்கையோ, பழைய கூட்டாளியோ. பேச்சு நின்று பல வருஷம் ஆகியிருக்கலாம். மனம் ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஏதாவது ஒரு வேலையைச் சாக்கிட்டுக் கூப்பிடுங்கள். கல்யாணத்துக்குப் பந்தல் போட வேண்டும் என்று கூப்பிடுங்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயர் திருத்த வேண்டும் என்று கூப்பிடுங்கள். எதுவும் இல்லாவிட்டால், சாப்பிடக் கூப்பிடுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தத் தராசு இன்னும் இருக்கிறது. சென்ற மாதம் சித்தப்பா மகன் வந்தான். பழைய சாமான்களுக்கு நடுவே கிடந்ததாகச் சொல்லி, ஒரு சாக்குப் பையில் படிக்கற்களைக் கொண்டுவந்து கொடுத்தான். தராசில் வைத்துப் பார்த்தோம்.

சரியாகத்தான் நின்றது.